அழுகையின் நிலைக்களன்களும் ஆய்வாளர் நலனும்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில், கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலம் காப்பதற்கான 15 நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 100 மாணவர்களும் அதற்கு மேலும் பயிலும் ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உரிய சட்டம் இயற்றப்படும் வரை இந்நெறிமுறைகள் நாடு முழுமைக்கும் பொருந்தும். அதே ஆண்டு மார்ச் 24 அன்று, உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலச் சிக்கல்களை ஆராயவும் தற்கொலைகளைத் தடுக்கும் வழி காணவும், முன்னாள் நீதிபதி எஸ். இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அந்நீதிமன்றம் அமைத்திருந்தது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் இவை குறித்து ஓரளவு பேச்சு எழுந்தது. தமிழ்த்துறைகளில் அத்தகைய பேச்சு மிகக் குறைவு. மனநலச் சிக்கல் ஆய்வுக்கூடங்களிலும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்களிலும் உள்ளது, நூலகத்தில் அமர்ந்து சுவடியும் நூலும் படிப்பவருக்கு அது எங்கிருந்து வரும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு.

ஆலோசகர் நியமனம் தேவை என்பதில் இக்கட்டுரைக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தமிழ் ஆய்வாளரின் துயரத்திற்கான காரணங்களுள் பல, ஆய்வை நாம் நடத்தும் முறையிலேயே உள்ளன. ஆலோசகர் அறையில் அவற்றைத் தீர்க்க இயலாது. துறை தன் நடைமுறையை மாற்றினால்தான் அவை தீரும்.

இவ்வாறு கருதுவதற்குத் தமிழ் இலக்கணமே ஓர் அடிப்படை தருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்கள் நந்நான்கு எனப் பகுக்கிறது. அழுகைக்குரிய நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உறவும் உடைமையும் போன்றவற்றை இழத்தல் இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல் அசைவு என்று உரையாசிரியர்கள் விளக்குவர். வறுமைக்கு விளக்கம் வேண்டா. இந்நான்கனுள் ஒன்றுகூட அழுபவரின் மன வலிமைக் குறைவைக் காரணமாகக் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. நான்கும் அவருக்கு நேர்ந்தவை. இன்று ஆய்வாளர் ஒருவர் சோர்ந்து நிற்கும்போது ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று அறிவுறுத்துகிறோம். தொல்காப்பியரின் வைப்புமுறை, முதலில் என்ன நேர்ந்தது என்று கேட்கச் சொல்கிறது.

இவ்வினாவுக்கு அண்மைக்கால ஆய்வுகளும் விடை தேடியுள்ளன. பெல்ஜியத்தின் பிளாண்டர்சு பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 32 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் நிலையில் இருந்ததைக் கண்டறிந்தது. பணிச்சுமை, குடும்பத்திற்கும் பணிக்கும் இடையிலான இழுபறி, நெறியாளரின் நடத்துமுறை, எதிர்கால வேலைவாய்ப்பு பற்றிய எண்ணம் ஆகியவற்றோடு அந்நிலை தொடர்புடையது என்றும் காட்டியது. அடுத்த ஆண்டு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடத்தப்பட்டு வெளியான மற்றோர் ஆய்வில், 41 விழுக்காட்டினரிடம் மிதமான அல்லது கடுமையான பதற்றமும் 39 விழுக்காட்டினரிடம் அவ்வாறே மனச்சோர்வும் காணப்பட்டன. அந்நாடுகளின் சூழலும் நம் சூழலும் ஒன்றல்ல. எனினும் நெறியாளர் என்ற சொல் அந்த ஆய்வுகளிலும் முன்வரிசையில் நிற்பதை நாம் கடந்துபோக இயலாது.

இளிவு

நன்னூலின் பொதுப்பாயிரத்தை முதுகலைத் தமிழ் மாணவர் அனைவரும் படித்திருப்பர். பாடம் கேட்கும் மாணாக்கர் தீக்காய்வாரைப் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் ஆசிரியரிடம் ஒழுக வேண்டும் என்ற கருத்து வகுப்பறையில் பலமுறை சொல்லப்படுவது. அதே பாயிரம் ஆசிரியர் ஆகாதார் இயல்பையும் கூறுகிறது. கேட்போர் அஞ்சும்படி பேசுவதை அங்கே பவணந்தியார் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறார். அத்தகையோருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளும் தருகிறார். பிறர் நெருங்கி ஏற இடங்கொடாமல், பழம் தானே விழுந்தால் மட்டும் உண்டு என நிற்பது மடற்பனை. ஒருவர் நீர் வார்க்க மற்றொருவர் தோட்டத்தில் காய் உதிர்ப்பது முடத்தெங்கு. பஞ்சு அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே தரும். ஓர் இயலைக் கொடுத்துவிட்டு அதன் திருத்தத்திற்கு எட்டு மாதம் காத்திருக்கும் ஆய்வாளருக்கு இவ்வுவமையின் பொருள் உரையின்றியே விளங்கும். மாணாக்கர் இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் நாம் ஆசிரியர் இலக்கணத்தின் இப்பகுதியைத் தேர்வு வினாவாக மட்டுமே விட்டுவிட்டோம்.

ஆய்வாளர் உலகின் அன்றாட இளிவுகள் பெரும்பாலும் சிறியவை. கருத்தரங்கப் பந்தலில் இருக்கை அடுக்குதல், நெறியாளர் இல்ல நிகழ்ச்சியில் பந்தி பரிமாறுதல், பிறர் பெயரில் வெளிவரவுள்ள கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தல் என அவை நீளும். வாய்மொழித் தேர்வு நாளில் விருந்தும் பொன்னாடையும் ஆய்வாளரின் செலவில் நடைபெறும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது ‘மரபு’ என்ற பெயரால் நிலவுகிறது. தேர்வு எழுதுபவர் தேர்வாளருக்கு உணவு படைக்கும் மரபு எந்தப் பாயிரத்தில் உள்ளது என்று தெரியவில்லை. விருந்தோம்பலை இழிவாகக் கூறுவது என் நோக்கமன்று. மறுக்க இயலாத நிலையில் இருப்பவர் அளிப்பது விருந்தாகாது என்பதே நான் சொல்வது.

இவற்றை ஆய்வாளர் எங்கே சொல்வது? பல்கலைக்கழக மானியக்குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அக்குழுவின் முன் தோன்றித் தம் ஆய்வு வளர்ச்சியை எடுத்துரைக்க வேண்டும். வளர்ச்சி நிறைவளிக்கவில்லை எனில் குழு காரணங்களைப் பதிவு செய்து, திருத்தும் வழிகளைக் கூறும். அதன் பின்னும் முன்னேற்றம் இல்லையெனில் பதிவை நீக்கவும் பரிந்துரைக்கலாம். அக்குழுவின் அமைப்பாளர் யார்? நெறியாளரேதான். ஆய்வு தேங்கியதற்கு நெறியாளரே காரணமாயின், அவர் கூட்டிய குழுவில், அவர் எதிரே அமர்ந்து, அதனை ஆய்வாளர் கூற வேண்டும். எந்த ஆய்வாளரும் கூறமாட்டார். ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று எழுதிக் கையொப்பமிடுவார். நம் துறைகளின் பருவ அறிக்கைகளில் குடும்பச் சூழல் என்ற தொடர் இத்தனை முறை வருவதற்கு இது ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

2023 இல் வெளியான மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழுவையும் அதற்கு மேல் குறைகேள் அலுவலரையும் வேண்டுகின்றன. அவை முறையீட்டுக்கு உரியவை. எழுத்து வடிவில் முறையிட்ட பின் அதே நெறியாளரிடம் இன்னும் மூன்று ஆண்டு ஆய்வு செய்ய வேண்டிய ஒருவருக்கு அவ்வழி திறந்திருந்தும் அடைபட்டதே. சென்னை ஐ.ஐ.டி.யில் 2023 இல் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் இறந்ததை அடுத்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. காவல்துறை உயர் அலுவலராக இருந்தவரும், ‘கல்மரம்’ நாவலின் ஆசிரியராகத் தமிழ் வாசகர் அறிந்தவருமான ஜி. திலகவதி அதற்குத் தலைமை தாங்கினார். அக்குழுவின் அறிக்கைக்குப் பின் நெறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வெளியார் ஒருவர் வந்து நெறியாளர்–ஆய்வாளர் உறவைக் குறித்து வினவுவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. அவ்வினா ஒவ்வொரு பருவத்திலும், எவரும் குற்றம் சாட்டாத அமைதியான பொழுதில், கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

நெறியாளர் பக்கத்து நியாயமும் உண்டு. விதிப்படி உதவிப் பேராசிரியர் நால்வரையும் இணைப் பேராசிரியர் அறுவரையும் பேராசிரியர் எண்மரையும் நெறிப்படுத்தலாம். காலிப் பணியிடங்கள் நிரம்பாத துறைகளில் வகுப்பும் தேர்வுப் பணியும் தரமதிப்பீட்டுக் கோப்புகளும் முடிந்த பின்பே ஓர் இயலைப் படிக்க அவருக்கு நேரம் கிட்டுகிறது. தாமதம் எல்லாம் அலட்சியமன்று. ஆனால் காரணம் எதுவாயினும் காலம் கரைவது ஆய்வாளருக்குத்தான்.

வறுமையும் அசைவும்

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைத் தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. தேசியத் தகுதித் தேர்வில் அவ்விடத்தைப் பெற்றவர்க்கு இது வாழ்வளிப்பது. அவ்விடம் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாதம் 8,000 ரூபாய்தான். அதனையும் நிறுத்த 2015 அக்டோபரில் மானியக்குழு முடிவெடுத்தபோது தில்லியில் மாணவர் போராட்டம் எழுந்தது. தொகை தப்பியது, ஆனால் வளரவில்லை. இணைவுக் கல்லூரிகளின் ஆய்வு மையங்களில் பதிந்த பெரும்பாலோர்க்கு அந்த 8,000 ரூபாயும் இல்லை. ஒரே துறையில், ஒரே மேசையின் இருபுறமும், 37,000 ரூபாய் பெறுபவரும் ஒன்றும் பெறாதவரும் ஒரே தரத்தில் ஆய்வேடு எழுத வேண்டும்.

கட்டுரை வெளியீட்டுச் செலவையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் கட்டாயம் என்ற 2016 ஆம் ஆண்டு விதியை 2022 விதிமுறைகள் கைவிட்டன. இதழ்த் தரத்திற்கான ‘கேர்’ பட்டியலையும் மானியக்குழு 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் வெளியீட்டை வேண்டலாம். வேலைக்கான நேர்காணலிலும் அது கேட்கப்படுகிறது. ஆகவே பணம் பெற்றுக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்களின் வாயில் திறந்தே உள்ளது. வருமானமற்ற ஆய்வாளர் ஒருவர் ஒரு கட்டுரைக்குச் செலுத்தும் தொகை, அவர் வீட்டில் ஒரு மாத மளிகைக்கு ஆகும் தொகையாக இருப்பதை நான் அறிவேன்.

பெண் ஆய்வாளர்க்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், காலவரம்பில் இரண்டு ஆண்டுக் கூடுதலும் விதியில் உள்ளன. வரவேற்கத்தக்கவை. ஆனால் உதவித்தொகை இல்லாதவர்க்குக் கால நீட்டிப்பு என்பது ஊதியமற்ற ஆண்டுகளின் நீட்டிப்பே.

அசைவு குறித்து ஒன்று மட்டும். அதே 2022 விதிமுறைகளால் ஆய்வியல் நிறைஞர் பட்டம் முடிவுக்கு வந்தது. அப்பட்டம் பெற்ற கடைசி அணியினருள் ஒருத்தி நான். அதில் குறைகள் இருந்தன. மேற்கோளின் மேல் மேற்கோளாக அடுக்கிய ஆய்வேடுகள் ஏராளம். ஆயினும் ஒரு சிறு பொருளை எடுத்து, தவறி, திருத்தி, முடித்துப் பார்க்கும் களமாக அது இருந்தது. இன்று முதுகலை முடித்தவர் நேரே ஆறாண்டு நெடும்பயணத்தில் இறங்குகிறார். முதுகலையில் முதலிடம் பெற்ற மாணவர் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குலைந்துபோவதை இப்போது மிகுதியாகக் காண்கிறோம். முன்பிருந்த நிலை கெடுதல் என்று உரையாசிரியர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கடைமடையில் இருந்து

போலகம் காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சார்ந்த ஊர். காரைக்கால் காவிரியின் கடைமடை. ஆற்றில் திறந்த நீர் எல்லா வாய்க்கால்களையும் நிறைத்த பின்பே இங்கு வரும். ஆணைகளும் அவ்வாறே. காரைக்காலிலுள்ள அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரி, ஔவையார் அரசு மகளிர் கல்லூரி முதலியன புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. அப்பல்கலைக்கழகம் காலாப்பட்டில் உள்ளது. காரைக்காலில் இருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர்; ஒரே ஒன்றியப் பகுதிக்குள் செல்ல, மயிலாடுதுறை, கடலூர் என இரு தமிழக மாவட்டங்களைக் கடக்க வேண்டும். இவ்வட்டாரத் தமிழ் மாணவர் சிலர் அங்கும், சிலர் சிதம்பரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பதிவு செய்கின்றனர். தமிழக அரசின் ஆய்வு உதவித்தொகையை நாடினால் ‘நீங்கள் புதுச்சேரி’ என்பர். புதுச்சேரியிலோ, தலைநகரில் அறிவிக்கப்படும் ஒன்று இங்கு வந்து சேர்வதற்குள் விண்ணப்ப நாள் கடந்திருக்கும்.

இத்தகைய ஆய்வாளரை உச்ச நீதிமன்ற நெறிமுறைகள் எவ்வாறு சென்றடையும்? 100 மாணவர் என்ற கணக்கில் அவர் எந்த நிறுவனத்தின் மாணவர்? பதிவு பல்கலைக்கழகத்தில்; நெறியாளர் ஒரு கல்லூரியில்; வாழ்வது மூன்றாவது ஊரில். பகுதிநேர ஆய்வாளராயின் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பள்ளியிலோ தனியார் கல்லூரியிலோ பாடம் நடத்திவிட்டு, விடுமுறை நாளில்தான் துறைக்கு வருவார். ஆலோசகர் அறை அன்று பூட்டியிருக்கும். கல்லூரி, ‘அவர் பல்கலைக்கழக ஆய்வாளர்’ எனும்; பல்கலைக்கழகம், ‘ஆய்வு மையம் பார்த்துக்கொள்ளும்’ எனும். எவரும் பொய் சொல்லவில்லை. இணைவு வழங்கும் பல்கலைக்கழகமே, பதிவுக் கடிதத்தோடு, இன்ன ஆய்வு மையத்தின் ஆய்வாளர்க்கு இன்ன ஆலோசகர் பொறுப்பு, இன்ன நாளில் தொலைபேசி வழி கிடைப்பார் என எழுதித் தந்தாலன்றி இவ்விடைவெளி மூடாது.

மாணவர் நலனுக்கு இந்நிலப்பகுதி புதிதன்று. காரைக்காலுக்கு மேற்கே மாயூரத்தில் 1871 இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர், பின்பு திருவாவடுதுறையில் பயின்றார். மாணவர்க்கு உணவும் உறையுளும் ஆதீனம் அளித்தது. மாணவர் உண்டாரா, உடல் நலமா என ஆசிரியர் கவலையுற்றதை ‘என் சரித்திரம்’ பதிவு செய்கிறது. உண்ணும் இடம் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததையும் அந்நூலே காட்டுகிறது. அங்குக் கிடைத்த ஆதரவு பெரிது. ஆனால் அது தேசிகரின் அருளையும் ஆசிரியரின் அன்பையும் சார்ந்தது. வாயிலுக்குள் நுழையவே இயலாதவர்க்கு அது இல்லை. இன்றைய தமிழ்த்துறைகளிலும் பரிவுள்ள நெறியாளர் பலர் உள்ளனர். தம் பணத்தில் மாணவரின் தேர்வுக் கட்டணம் செலுத்தியவர்களையும் அறிவேன். அவர்களைப் போற்றுகிறோம். ஆயினும் நல்லவர் வாய்த்தால் நலம், வாயாவிடில் ஊழ் என்ற ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் தன் நடைமுறையாக வைத்திருக்கலாகாது.

‘நாங்கள் படாத துன்பமா’ என்று மூத்தோர் சிலர் கேட்பர். பட்டிருப்பர். ஆய்வுக்குத் தனிமையும் உழைப்பும் வேண்டும் என்பதும் உண்மை. ஒரு பாடவேறுபாட்டிற்காக மூன்று ஏடுகளை ஒப்பிட்டு ஒரு மாதம் செலவிடும் துன்பம் ஆய்வுக்கு உரியது. இயல் எப்போது திரும்பி வரும் என அறியாமல் ஓராண்டு கழிப்பது ஆய்வுக்கு உரியதன்று. இரண்டையும் தவம் என்ற ஒரே சொல்லால் மூடுவது சொல்லாராய்ச்சி செய்யும் நமக்குத் தகாது.

சொல் என்றதும், தமிழ்த்துறைகளே செய்யத்தக்க பணி ஒன்று நினைவுக்கு வருகிறது. மனநலச் சேவையின் தமிழ் இன்னும் செப்பமுறவில்லை. ‘கவுன்சிலிங்’ என்பதை ஆலோசனை என்கிறோம். ஆலோசனை என்றதும் அறிவுரை கிடைக்கும் என்று மாணவர் நினைக்கிறார், அறிவுரையோ வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது. கலந்தாய்வு என்றால் பொறியியல் சேர்க்கை என்று பொருள்படும் அளவுக்கு அச்சொல் வேறு துறைக்குப் போய்விட்டது. ‘மனச்சோர்வு’ என்று எவரும் வீட்டில் சொல்வதில்லை. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றே சொல்கின்றனர். இவ்வட்டாரப் பேச்சில் துயரம் எந்தச் சொற்களால் வெளிப்படுகிறது எனத் தொகுப்பது வழக்காற்றியலாளர்க்கு எளிய பணி. அத்தொகுப்பு, மாணவரிடம் பேசும் ஆலோசகர்க்கும் மனநல வினாநிரல்களைத் தமிழாக்குவோர்க்கும் பயன்படும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானசு சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம் என்பதை எத்தனை தமிழ்த்துறை அறிவிப்புப் பலகைகளில் கண்டிருக்கிறோம்?

துறை அளவில் உடனே செய்யத்தக்கவை அதிகம் இல்லை. அளிக்கப்பட்ட இயல் இத்தனை நாளுக்குள் திருத்தத்துடன் திரும்பும் என நெறியாளரும் ஆய்வாளரும் பதிவின்போதே எழுதிக்கொள்ளலாம். 45 நாள் என்பது என் கருத்து, துறை வேறு எண்ணை வகுத்தாலும் எண் ஒன்று இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு நாளின் உணவுச் செலவைத் துறை ஏற்க வேண்டும், அல்லது உணவே வேண்டா. இவற்றினும் முதன்மையானது, ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு கூடும்போது, இறுதிப் பதினைந்து நிமிடம் நெறியாளர் வெளியே இருக்க, ஏனைய உறுப்பினர் ஆய்வாளரோடு தனியே பேசுதல். எல்லா ஆய்வாளர்க்கும் எல்லாப் பருவத்திலும் இது நிகழ்ந்தால், யார் குறை கூறினார் என்ற கேள்வி எழாது. அக்குழுவில் நெறியாளரே அமைப்பாளர் என்ற விதிக்கும் இதனால் முரண் இல்லை. அடுத்த பருவக் கூட்டத்திற்கான சுற்றறிக்கையில் துறைத்தலைவர் ஒரு வரி சேர்த்தால் போதும்.